1935 ‘பழைய ஸ்பானியத் தடம்’ அரை டாலர்: காட்சிப் பெட்டிக் குறிப்பைச் சரிபார்த்துத் தாருங்கள்

#1 வெண்காசு

வணக்கம் நண்பர்களே. ஒற்றைக் காசு காட்சிக்கு ஒரு பெட்டி தயாராகிறது. காசு: 1935, அமெரிக்க அரை டாலர், ஒரு பக்கம் மாட்டுத் தலை, மறுபக்கம் யூக்கா செடியும் வரைபடமும். பக்கத்தில் வைக்க எழுதியிருக்கும் குறிப்பு இது:

“1535இல் செயின்ட் அகஸ்டீன் முதல் எல் பாசோ வரை தனியொருவராக நடந்து சென்று பழைய ஸ்பானியத் தடத்தைக் கண்டுபிடித்த மாவீரர் கபேசா டி வாகாவின் 400ஆம் ஆண்டு நினைவாக அமெரிக்க அரசு புழக்கத்துக்கு விட்ட காசு. காசில் இருப்பது அவர் முதன்முதலில் கண்ட காட்டெருமையின் தலை.”

மூன்று கேள்விகள். குறிப்பில் பிழை உண்டா? காசு அசல்தான் என்று எப்படி உறுதி செய்வது? பெட்டிக்குள் கீழே நீல நிறக் கம்பளித் துணி விரிக்கலாமா?

#2 திசைமானி

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: கம்பளி வேண்டவே வேண்டாம். காரணத்தை உப்புக்காற்று வந்து விளக்குவார்.

குறிப்பை ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம், ஏனென்றால் அதில் உள்ள பிழைகளில் பாதி அந்தக் காசிலேயே இருக்கிறது. உங்கள் மேல் குற்றமில்லை.

செயின்ட் அகஸ்டீன் நகரம் உருவானதே 1565இல். பெத்ரோ மெனேந்தெஸ் நிறுவியது. காசின் தடம் தொட்டுச் செல்லும் மற்ற ஊர்களைப் பாருங்கள்: மொபீல் 1702, நியூ ஆர்லியன்ஸ் 1718, சான் அன்டோனியோ 1718. 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியரான கபேசா டி வாகா அந்தப் பக்கம் போன காலத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? அது 20ஆம் நூற்றாண்டு மோட்டார் சாலை. செயின்ட் அகஸ்டீனிலிருந்து சான் டியேகோ வரை கார் போகும் பாதை ஒன்றை உருவாக்க 1915இல் மொபீலில் சங்கம் கூடியது. சுற்றுலாப் பயணிகளை ஈர்க்க அதற்கு ‘பழைய ஸ்பானியத் தடம்’ என்று பெயர் வைத்தார்கள். காசின் கோடு அந்தச் சாலையைத்தான் ஒட்டிச் செல்கிறது. வரலாற்றில் அதே பெயரில் வேறொரு பாதை உண்டு: 1829 முதல் 1848 வரை சாந்தா ஃபேயிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை கோவேறு கழுதைகளில் சரக்குப் போன வழி. அதற்கும் இந்த மனிதருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குறிப்பில் இரண்டும் கலந்துவிடாமல் பாருங்கள்.

‘நடந்து’ என்ற சொல்லும் பாதிதான் சரி. ஃபுளோரிடாவிலிருந்து டெக்சாஸ் கரை வரை அவர் போனது கடல் வழி.

#3 காலணா

பெயர் உச்சரிப்புக்கு ஒரு வரி. ‘வாகா’ என்று ஒற்றைக் ககரத்தில் எழுதினால் நம் வாசகர் ‘வாஹா’, ‘வாகா’ எல்லையின் பெயர் போலப் படிப்பார். ‘வாக்கா’ என்று இரட்டிக்க வேண்டும். ஸ்பானியத்தில் அந்த முதல் எழுத்தும் பகரத்துக்கு நெருக்கமாகவே ஒலிக்கும், ஆனால் ‘பாக்கா’ என்று எழுதினால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது. முழுப்பெயர்: அல்வார் நூன்யெஸ் கபேசா தே வாக்கா. கபேசா என்றால் தலை, வாக்கா என்றால் பசு.

ஆக, காசில் இருப்பது காட்டெருமை இல்லை. அவர் பெயரின் நேரடிப் பொருள்தான் படமாக நிற்கிறது. அவர் முகத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் எதுவும் கிடைக்காததால் வடிவமைத்தவர் பெயரையே முகமாக்கிவிட்டார். தாய்வழியாக வந்த குடும்பப் பெயர் அது. 1212இல் நவாஸ் தே தொலோசா போருக்கு முன் ஓர் இடையன் மலைக் கணவாயை மாட்டு மண்டையோட்டால் அடையாளம் வைத்துக் காட்டினான், அரசன் அந்தப் பெயரைத் தந்தான் என்பது குடும்பக் கதை. கதை என்றே எழுதுங்கள்.

காட்டெருமை பற்றி நீங்கள் எழுதியதற்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. தன் பயண நூலில் அவர் காட்டெருமைகளை ‘பசுக்கள்’ என்றே எழுதுகிறார். மூன்று முறை பார்த்ததாகவும் இறைச்சி தின்றதாகவும், கொம்பு சிறியது, மயிர் நீண்டது என்றும் சொல்கிறார். அங்கிருந்து வந்த குழப்பமாக இருக்கலாம்.

#4 வெண்காசு

மிக்க நன்றி. கடல் வழி என்றால் எந்தக் கப்பலில்? அவர் போன நார்வாயெஸ் படையெடுப்பின் கப்பல்கள் அவர்களை விட்டுப் போய்விட்டன என்றுதான் படித்திருக்கிறேன்.

#5 திசைமானி

ஆமாம், கப்பல் இல்லை. அவர்களே கட்டினார்கள். என்னைக் கேட்டால் இந்த மனிதரை நினைவுகூர வேண்டிய இடம் எல் பாசோ இல்லை, இந்தப் படகுகள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1527 ஜூன் 17, சான்லூக்கார் துறைமுகத்திலிருந்து பான்ஃபிலோ தே நார்வாயெஸ் தலைமையில் 5 கப்பல், ஏறத்தாழ 600 பேர் புறப்பட்டார்கள். நம் ஆள் அதில் அரசாங்கப் பொருளாளர். 1528 ஏப்ரலில் தம்பா விரிகுடாப் பக்கம் இறங்கினார்கள். 300 பேர் உள்நாட்டுக்குள் நடக்க, கப்பல்களைக் கரையோரமாக வரச் சொன்னார் நார்வாயெஸ். அங்கேதான் எல்லாம் கெட்டது. கப்பலும் தரைப்படையும் மறுபடி சந்திக்கவே இல்லை. அப்பலாச்சி மக்களின் நாட்டில் தங்கம் கிடைக்கவில்லை. கிடைத்தது சோளமும் அம்பும்தான். நோய் வேறு.

ஆகஸ்ட் 4இல் படகு வேலை தொடங்கியது. கையில் கருவி இல்லை, இரும்பு இல்லை, கொல்லுலை இல்லை, கயிறும் இல்லை. செய்தது இதுதான்:

அங்கவடி, குதிமுள், குறுக்குவில் என்று இரும்பாக இருந்த அனைத்தையும் உருக்கி ஆணி, ரம்பம், கோடரி ஆக்கினார்கள். துருத்திக்கு மான் தோலும் மரக்குழாயும். பலகை இடுக்கை அடைக்கப் பனைவகைச் செடியின் நார். அதன் மேல் பூசப் பைன் மரப் பிசின். இதைக் காய்ச்சியவர் தொரோத்தேயோ தியோதோரோ என்ற கிரேக்கர். பாய் தைக்கச் சட்டைகள். கயிறு திரிக்கக் குதிரையின் வால் மயிரும் பிடரி மயிரும். மூன்று நாளுக்கு ஒரு குதிரையை வெட்டி வேலை செய்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இறைச்சி கொடுத்தார்கள். அந்தக் குதிரைகளின் கால் தோலை முழுசாக உரித்துப் பதப்படுத்தித் தண்ணீர்ப் பை செய்தார்கள். அந்த இடத்துக்கே ‘குதிரைகளின் விரிகுடா’ என்று பெயர் வந்தது.

செப்டம்பர் 20க்குள் ஐந்து படகு முடிந்தது. ஒவ்வொன்றும் 22 முழம். ஆள் கணக்கும் பதிவாகியிருக்கிறது: 49, 49, 48, 47, 49. மொத்தம் 242. ஆளும் சாமானும் ஏறிய பிறகு படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எஞ்சியது ஓர் ஒட்டை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உள்ள அளவு, சாண்கூட இல்லை. அசைந்து உட்காரவும் இடமில்லை. ஏறியவர்களில் கடலோடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்.

முதலில் தோற்றது தண்ணீர்ப் பை. தோல் அழுகிவிட்டது. தாகத்தில் கடல்நீர் குடித்துச் சிலர் செத்தார்கள். மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தில் நீரோட்டமும் வடகாற்றும் படகுகளைப் பிரித்தன. நவம்பர் 6 அன்று இவருடைய படகு கால்வெஸ்டன் பக்கத்துத் தீவு ஒன்றில் அலையால் தூக்கி எறியப்பட்டது. ‘மல்லாதோ’, அதாவது கேடு தரும் தீவு, என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

உள்நாட்டுக்குள் நடந்த 300 பேரில் கடைசியில் மெக்சிகோவுக்கு உயிரோடு வந்தவர்கள் நால்வர். ஆகவே ‘தனியொருவராக’ என்பதையும் எடுத்துவிடுங்கள். மற்ற மூவர்: அந்திரேஸ் தொராந்தெஸ், அலோன்சோ தெல் காஸ்தியோ மல்தொனாதோ, மொராக்கோவின் அசெம்மூரிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட எஸ்தெவானிக்கோ.

#6 கரும்பலகை

எஸ்தெவானிக்கோ பெயர் குறிப்பில் கட்டாயம் வர வேண்டும். நால்வரில் முன்னே போய் மொழி பேசி வழி கேட்டவர் அவர் என்று நூலே சொல்கிறது. 1539இல் மறுபடி வடக்கே வழிகாட்டியாக அனுப்பப்பட்டு சூனி மக்களின் ஹாவிக்கூ ஊரில் கொல்லப்பட்டார். காசில் அவருக்கு ஓர் எழுத்துகூட இல்லை.

இன்னொன்று: ‘கண்டுபிடித்த’ என்ற சொல். அந்த நால்வரும் எந்தத் தடத்தையும் கண்டுபிடிக்கவில்லை. கடற்கரையில் கரன்காவா மக்கள் சோறு போட்டார்கள், பிறகு வேலையும் வாங்கினார்கள். கபேசா தே வாக்கா சில ஆண்டுகள் சிப்பியும் சங்கும் உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தோலும் செங்காவியும் அம்புக்கான தீக்கல்லும் வாங்கிவரும் வியாபாரியாக அலைந்தார். கோடையில் சப்பாத்திக்கள்ளிப் பழம் பழுக்கும் இடத்துக்குப் பல குழுக்கள் கூடும். அங்கேதான் நால்வரும் சேர்ந்து தப்பினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊராரும் அடுத்த ஊர் வரை கூட வந்து விட்டுப் போனார்கள். வழி ஏற்கெனவே இருந்தது, அதன் மேல் இவர்களைக் கூட்டிப்போனார்கள். ‘வழிகாட்டப்பட்டு நடந்தவர்’ என்பதே நேர்மையான சொல்.

#7 வெண்காசு

அப்படியானால் 1535? அதுவும் தவறா?

#8 திசைமானி

அது நிற்கும். 1535 முடிவில் அவர்கள் ரியோ கிராந்தே ஆற்றங்கரையில், லா ஹுந்தா என்ற கூடுதுறைப் பக்கம் இருந்தார்கள். இன்றைய பிரெசிதியோவும் ஒஹினாகாவும் எதிரெதிரே இருக்கும் இடம். அங்கிருந்து ஆற்றோடு மேலே போனார்கள். எல் பாசோ வரையா, அதற்கு முன்பே மேற்கே திரும்பினார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ‘எல் பாசோவை அடைந்தார்’ என்று எழுதாமல் ‘ரியோ கிராந்தே வழியாக’ என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. 1536இல் குலியாக்கான் அருகே அடிமை பிடிக்க வந்த ஸ்பானியக் குதிரைக்காரர்களைச் சந்தித்தார்கள். கூட வந்த மக்களை அடிமையாக்க விடமாட்டேன் என்று தம் இனத்தாரோடே அவர் சண்டை போட்டார். ஜூலையில் மெக்சிகோ நகரம்.

#9 கரும்பலகை

நினைவுச்சின்னம் என்று பார்த்தால் இந்தக் காசைவிட எனக்குப் பொருத்தமாகத் தெரிவது டெக்சாஸ் அறுவை மருத்துவர்கள் அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டாடுவது. ஒருவன் மார்பில் அம்பு முனை தங்கியிருந்தது. கத்தியால் கீறி, குறுக்காகக் கிடந்த முனையைச் சிரமப்பட்டு வெளியே எடுத்து, மான் எலும்பு ஊசியால் இரண்டு தையல் போட்டார். காயம் ஆறிய பின் தழும்பு உள்ளங்கை ரேகை போலத்தான் தெரிந்ததாம். செய்த காரியத்துக்கு நினைவு வைக்கிறார்கள். காசு பெயருக்கு மட்டும் வைத்திருக்கிறது.

#10 காலணா

கரும்பலகை அவர்களோடு இதில் எனக்கு உடன்பாடில்லை. முகம் தெரியாத ஒருவருக்குத் தாடியும் தலைக்கவசமும் வைத்து ஒரு பொய் முகத்தைச் செதுக்குவதைவிடப் பசுத்தலை எவ்வளவோ மேல். குறை வரைபடத்தில்தான், தலையில் இல்லை.

‘அரசு புழக்கத்துக்கு விட்ட’ என்பதற்கு வருகிறேன். 1935 ஜூன் 5ஆம் தேதிச் சட்டம் 10,000 காசுக்கு அனுமதி தந்தது. ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் அச்சானது 10,008, அந்த எட்டு தரச் சோதனைக்கு. மொத்தமும் எல் பாசோ அருங்காட்சியகக் குழுவுக்குப் போனது. அரை டாலர் காசை 2 டாலருக்குச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார்கள். கடைத்தெருப் புழக்கத்துக்காக அடித்ததில்லை. வடிவம் எல்.டபிள்யூ. ஹோஃபெக்கர், வார்ப்பு மாதிரி செதுக்கியவர் எட்மண்ட் சென், இருவரும் எல் பாசோக்காரர்கள். தடம் எல் பாசோவில் வந்து முடிவதன் காரணம் இப்போது புரியும். மோட்டார் சாலை சான் டியேகோ வரை போகிறது, காசின் சாலை மட்டும் பாதியில் நிற்கிறது. இதே ஹோஃபெக்கர் முன்பு காட்ஸ்டன் நில வாங்கலுக்கு (அமெரிக்கா மெக்சிகோவிடம் நிலம் வாங்கியதற்கு) நினைவுக் காசு கேட்டு முயன்றார், 1930இல் குடியரசுத் தலைவர் ஹூவர் அந்த மசோதாவை மறுத்துத் திருப்பினார்.

இனி அசலா போலியா. அச்சான எண்ணிக்கை குறைவு என்பதால் இதற்குப் போலி உண்டு. வரிசையாகச் செய்யுங்கள்.

விட்டம் 30.6 மி.மீ., எடை 12.5 கிராம், 90% வெள்ளி 10% செம்பு, ஓரத்தில் 150 வரி. எடை 12.4க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் இந்தக் காசு கைமாறித் தேய்ந்திருக்க வாய்ப்பு குறைவு. எந்த நாணயச் சாலையில் அச்சானது என்று காட்டும் குறி எழுத்து இருக்கவே கூடாது. ஃபிலடெல்ஃபியாவில் மட்டும், ஒரே ஆண்டில் மட்டும் அடித்தது.

அடுத்து ஒப்படர்த்தி, அதாவது உலோகம் அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. தராசில் ஒரு கண்ணாடி டம்ளர் காய்ச்சி வடித்த தண்ணீர் வைத்து, தராசு 0 காட்டும்படி செய்யுங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முங்கவிட்டுப் பிடியுங்கள். அசலுக்குத் தராசு 1.21 கிராம் காட்டும். 12.5ஐ அதால் வகுத்தால் 10.33. இந்தக் கலவைக்கு 10.34 வர வேண்டும். வெள்ளி பூசிய செம்பு‑நிக்கல் என்றால் 1.40 காட்டும். நடக்கும் தவறு ஒன்றுதான்: ஓர வரிகளில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு 1.24, 1.25 என்று ஏறும், நல்ல காசைப் போலி என்று நினைத்துவிடுவோம். நூலை மெல்லச் சுண்டிவிட்டு மறுபடி பாருங்கள். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். 0.1 காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது.

சரியான வெள்ளியிலேயே அடித்த போலி இந்தச் சோதனையில் தேறிவிடும். அதற்கு 10 மடங்கு லென்ஸ். வார்த்த போலியில் எழுத்தின் விளிம்பு மழுங்கி, காசின் தரையில் (படமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பில்) ஊசிக்குத்துப் போன்ற குழிகள், ஓரத்தில் இணைப்புக் கோடு. அச்சில் அடித்த போலியில் பசுத்தலையைச் சுற்றியும் எழுத்துகளுக்கு நடுவிலும் தேவையில்லாமல் மேடான கோடுகளும் கட்டிகளும். கீறல் பள்ளமாக இருந்தால் அது காசுக்குப் பின்னால் நேர்ந்தது. மேடாக இருந்தால் அச்சிலேயே இருந்தது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தேய்மானம் முதலில் பசுவின் நெற்றியில் தெரியும். இருபக்கமும் வெற்றுத் தரை அதிகம், அதனால் சின்ன உராய்வும் கண்ணில் குத்தும். அதை மறைக்கப் பாலிஷ் போட்ட காசு பல உண்டு. சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரக்கால் போலச் சுழல வேண்டும். சுழலாமல் எங்கும் ஒரே பளபளப்பாக இருந்தால் தேய்த்திருக்கிறார்கள்.

#11 உப்புக்காற்று

கம்பளிக்கு வருகிறேன். கம்பளி மயிரில் கந்தகம் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் அது வாயுவாகக் கசிந்து வெள்ளியைக் கறுக்கவைக்கும். ரப்பர் வளையம், ரப்பர் பசை, சில சாயத் துணி எல்லாம் அப்படியே. தேக்கு, ஓக் போன்ற மரப்பெட்டி அமில ஆவி விடும். சாயம் போடாத, கஞ்சி நீக்கித் துவைத்த பருத்தித் துணி விரியுங்கள். நீலம்தான் வேண்டுமென்றால் துணிக்குக் கீழே தாளில் நிறம் கொடுக்காமல், பின்சுவருக்கு வெளிப்பக்கம் கொடுங்கள்.

துணியில் சந்தேகம் இருந்தால் சோதிக்கலாம். மூடி இறுகும் கண்ணாடிக் குப்பியில் ஒரு துண்டுத் துணி, துலக்கிய வெள்ளித் தகடு ஒன்று, ஒரு சின்னக் குழாயில் சில சொட்டுத் தண்ணீர். 60 டிகிரியில் 28 நாள். தகடு நிறம் மாறாவிட்டால் துணி நல்லது.

காசு இப்போது மிருதுவான, வளையும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறதா? அது பிவிசி. பச்சை நிறத்தில் பிசுக்குப் படரும், அமிலம் வெள்ளியை அரிக்கும். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியால் உறையின் ஒரு துணுக்கைத் தொட்டுத் திரும்பத் தீயில் காட்டினால் சுடர் பச்சையாக எரியும். காசைத் தூய அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தேய்க்காமல் தானே உலரவிடுங்கள். நகச்சாயம் அழிக்கும் திரவம் அசிட்டோன் ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அடுப்பு, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெள்ளி முக்கும் திரவத்தில் போடாதீர்கள். கறுப்போடு மேல்தோல் வெள்ளியையும் அது தின்றுவிடும், சக்கர ஒளி திரும்பி வராது.

பெட்டிக்குள் ஈரப்பதம் 40%க்குக் கீழே இருக்கட்டும். சிலிக்கா ஜெல்லைக் காசு கண்ணில் படாத அடித்தட்டில் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

#12 வெண்காசு

எல்லாருக்கும் நன்றி. எடை 12.49, தண்ணீரில் 1.21. மேடான கோடு எதுவும் கண்ணில் படவில்லை. திருத்திய குறிப்பு:

“அல்வார் நூன்யெஸ் கபேசா தே வாக்கா நினைவு அரை டாலர், 1935. அச்சானது 10,008. அவர் உருவப்படம் கிடைக்காததால் பெயரின் பொருளான பசுத்தலை. 1528இல் சட்டைப் பாய் கட்டிய ஐந்து படகுகளில் ஃபுளோரிடாவிலிருந்து புறப்பட்ட 242 பேரில் எஞ்சியவர்கள் கபேசா தே வாக்கா, தொராந்தெஸ், காஸ்தியோ, எஸ்தெவானிக்கோ. பழங்குடி மக்கள் ஊர் ஊராக வழிகாட்ட, ரியோ கிராந்தே வழியாக நடந்து 1536இல் மெக்சிகோ சேர்ந்தார்கள். காசின் பின்புறக் கோடு அவர்கள் வழியன்று. 20ஆம் நூற்றாண்டு மோட்டார் சாலை.”

பின்புறம் தெரியக் காசுக்குப் பின்னால் சிறு கண்ணாடி வைக்கலாமா?

#13 திசைமானி

குறிப்பு நன்றாக வந்திருக்கிறது. ‘சட்டைப் பாய்’ என்பதைச் ‘சட்டைகளைத் தைத்துப் பாயாக்கிய’ என்று விரித்துவிடுங்கள், முதல் பார்வையில் புரியாது.

#14 காலணா

கண்ணாடி வேண்டாம். நம் ரூபாய்க் காசை இடம்வலமாகத் திருப்பினால் மறுபக்கம் நேராக இருக்கும். அமெரிக்கக் காசை மேல்கீழாகத் திருப்பினால்தான் நேராகும். பசுத்தலை நேராக நின்றால் கண்ணாடியில் யூக்கா தலைகீழாகத் தெரியும், எழுத்தும் இடவலம் மாறும். பின்புறத்தைப் படம் எடுத்து மும்மடங்காக, 92 மி.மீ. விட்டத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள். விளக்கைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வைத்து எடுத்தால் தடத்தின் கோடு தெளிவாக விழும். படத்துக்குக் கீழே ‘மும்மடங்கு’ என்று எழுத மறக்காதீர்கள்.